பசுவை யாரும் கொண்டுபோக மாட்டார்கள்

கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவர் இருமினால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் தேங்காய் உடைத்தால் அவருக்குக் கேட்கும். குடிவந்த கிழமையே நான் அதற்காக மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைத் திறந்தவர் நல்ல உயரம். வீட்டுக்குள்ளேயே சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டி, காலில் சப்பாத்தும் போட்டிருந்தார்.

"என்ன உடைக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும். தெரியாத சத்தம்தான் எனக்குப் பிடிக்காது" என்றார்.

அவருடைய ஆங்கிலமும் எங்களுடையதைப் போல வெளியிலிருந்து வந்த ஆங்கிலம். அதுவே எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது.

அவர் ஜெர்மன்காரர். போர்க்காலத்தில் இராணுவத்தில் லெப்டினன்ட். கடைசி வருடத்தில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டு இங்கே பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டவர். விடுதலையானபோது அவருடைய ஊர் வேறு நாட்டுக்குள் போயிருந்தது. இங்கேயே தங்கி, ஓர் ஆங்கிலப் பெண்ணை மணந்து, தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் வரையும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றிருந்தார். மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. என் கணவர் அவருக்குக் 'கேணல்' என்று பெயர் வைத்தார்.

"லெப்டினன்ட் எண்டு சொன்னவர் எல்லே?" என்றேன்.

"லெப்டினன்ட் சின்ன ஆள். எங்கட பக்கத்து வீட்டுக்காரர் சின்ன ஆளா இருக்கலாமே? கடன் எடுத்து வாங்கின வீடப்பா."

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் முன்னறை எங்களுக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை. ஊரிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் வேலையும் அறையும் கிடைக்கும் வரை அங்கேதான் படுத்தார்கள். பகலில் சிலர் நித்திரை, இரவு ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள். இரவில் சிலர் நித்திரை. எந்நேரமும் யாரோ ஒருவர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருப்பார். எங்கள் ஒரே மகள் அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்தாள். மழை இல்லாத நாளில் வாசற்படியில் குந்தியிருந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வந்தார்.

"என் பின்னறையில் ஒரு மேசை சும்மா கிடக்கிறது. பிள்ளை அங்கே இருந்து படிக்கட்டும். நான் தோட்டத்தில்தான் இருப்பேன்."

முன்னறையில் இருந்த தம்பிமாருக்கு அது பிடிக்கவில்லை.

"அக்கா, பிள்ளையை ஒரு வெள்ளைக்காரன்ர வீட்டில விட்டிருக்கிறியள். ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் எங்கயப்பு இருக்கு? முழு ஊரும் என்ர முன்னறையிலதானே படுத்திருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவனும் சிரித்தான்.

அன்றிலிருந்து பல்கலைக்கழகம் போகும் வரை அவள் படித்தது அந்தப் பின்னறையில்தான். அவள் நாற்காலியை இழுக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். இருந்துவிட்டாள் என்று நான் உலையில் அரிசி போடுவேன். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. அவருடையது எங்களிடம் இருந்தது. நான் பலகாரம் கொடுத்துவிட்ட தட்டு ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. தக்காளியோ, அப்பிளோ, கோடையில் ஒரு பிடி அவரைக்காயோ அதில் இருக்கும். எங்கள் வழக்கத்தை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருக்கும் அப்படி ஒரு வழக்கம் இருந்திருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் ஒருமுறை, ஊரில் இராணுவம் வீடு வீடாகப் புகுந்து ஆட்களை வெளியே எடுக்கிறது என்று செய்தி வந்தது. என் அம்மாவின் பக்கத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் தோட்டத்து வேலியருகில் நின்று, என்னை மீறி அவரிடம் கேட்டுவிட்டேன்.

"நீங்கள் அதிகாரியாக இருந்தவர். சமைத்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணை வீட்டுக்கு வெளியே இழுக்க ஓர் ஆளுக்கு எப்படி மனம் வருகிறது?"

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன். சில நாட்கள் கழித்து நான் உடுப்புக் காயப்போடும்போது வேலிக்கு வந்தார். கையில் ஒன்றும் இல்லை. நான் கேட்டது நேற்றுத்தான் என்பதுபோலச் சொல்லத் தொடங்கினார்.

போரின்போது, ஜெர்மனிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அவருடைய பிரிவு தங்கியிருந்தது. அவருக்கு ஒரு விதவையின் வீட்டில் அறை. அந்தப் பெண்ணின் மொழி அவருக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு மாலை மேலதிகாரி எல்லா அதிகாரிகளையும் கூப்பிட்டு, மறுநாள் விடியும்போது கிராமத்தை வெறுமையாக்கிக் கொளுத்தப்போவதாகச் சொன்னார். வாய் திறப்பதில்லை என்று ஒவ்வொருவரிடமும் வாக்கு வாங்கினார். இவரும் கொடுத்தார். இராணுவத்தில் சேரும்போது ஒரு சத்தியம் செய்திருந்தார். அதற்கு மேல் இந்த வாக்கு.

"திரும்பி வந்தபோது அந்தப் பெண் முற்றத்தில் நின்றாள். லொறிகள் வந்ததைக் கண்டிருந்தாள். 'என் பசுவைக் கொண்டுபோக வந்திருக்கிறார்களா?' என்று கேட்டாள். அவளிடம் இருந்தது அந்த ஒரு பசுதான். நான் சொன்னேன், 'இல்லை. பசுவை யாரும் கொண்டுபோக மாட்டார்கள்.' அது உண்மை. பசுவைப் பற்றி ஒரு கட்டளையும் இல்லை. அவளுக்கு அவ்வளவு நிம்மதி. எனக்குச் சூடாக ஒரு கிண்ணம் பால் கொண்டுவந்து தந்தாள்."

"குடித்தீர்களா?"

"குடித்தேன்."

விடிந்தபோது அவருக்குக் கொடுத்த வேலை தெருமுனையை மறித்து நிற்பது. அவர் சுடவில்லை. யாரையும் இழுக்கவும் இல்லை. நின்றார். ஆட்களை ஏற்றிய லொறிகள் அவரைத் தாண்டிப் போயின. அதில் அந்தப் பெண் இருந்தாளா என்று அவர் பார்க்கவில்லை. பிறகு புகைக்குள்ளே அந்தப் பசு மட்டும் வயலில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது.

"ஒரு கதவு. ஒரே ஒரு கதவைத் தட்டியிருந்தால் போதும்" என்றார். "வாக்கை உடைத்த அதிகாரியாக இருந்திருப்பேன். அதற்குத்தான் அன்று பயந்தேன். சாவதற்குக்கூட அவ்வளவு பயம் இல்லை."

நான் ஈரத் துணியைப் பிடித்தபடி அழுதேன். அந்தப் பெண்ணுக்காக, என் அம்மாவுக்காக, கொஞ்சம் அவருக்காகவும். அன்றிலிருந்து அவரை நான் முழுதாக நம்பினேன். தன்னை இவ்வளவு கேவலப்படுத்தும் கதையை ஒருவர் தானாகவே சொல்கிறார் என்றால், அவர் அதை இன்னொருமுறை செய்யமாட்டார் என்று நினைத்தேன். படித்தவள்தான், ஊரில் பெண்கள் கல்லூரியில் புவியியல் படிப்பித்தவள்தான். அப்படித்தான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. வானொலியில், பத்திரிகையில், சனிக்கிழமைகளில் கோயிலில், எங்கும் அதே பேச்சு. மகளுக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், உயிரியல். வீட்டிலிருந்துதான் போய்வந்தாள். அந்த இலையுதிர்காலத்தில் அவளிடம் சில மாற்றங்கள் தெரிந்தன.

காலையில் எழும்பிப் பூங்காவில் ஓடத் தொடங்கினாள். மழையிலும் ஓடினாள். சோற்றைக் குறைத்தாள். காதிலிருந்த தோட்டைக் கழற்றி வைத்தாள், பிறகு சங்கிலியையும். தொலைபேசி அடித்தால் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் எடுத்தாள். நான் வந்தால் கதை நின்றுவிடும். இதற்கெல்லாம் ஒரு யாழ்ப்பாணத்துத் தாய்க்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும்.

"இஞ்சாருங்கோ, ஆரோ ஒரு பெடியன் இருக்கிறான்" என்று கணவரிடம் சொன்னேன்.

அவர் பத்திரிகையை மடித்தார். "வெள்ளையோ?"

"அப்பிடித் தெரியேல்லை. முந்தி வாய் திறந்தால் இங்கிலீசு. இப்ப வீட்டில தமிழ் கதைக்கிறாள். நேற்று உங்கட பேப்பரை எழுத்துக் கூட்டி வாசிச்சுக்கொண்டு இருந்தவள்."

"அப்ப எங்கட ஆக்கள்தான்" என்றார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "எந்த ஊர் எண்டு பாரும். ஊர் தெரிஞ்சால் மிச்சம் தெரியும்."

இப்படித்தான் நாங்கள் இருந்தோம். ஒரு மாதமாக அந்தப் பெடியனைத் தேடினோம். அவளுடைய சட்டைப் பைகளைப் பார்த்தேன். கோயிலில் அவள் யாரைப் பார்க்கிறாள் என்று பார்த்தேன். மோர்டனில் உறவினர் வீட்டு விருந்தில் ஒரு டொக்டர் பெடியனோடு அவள் நெடுநேரம் கதைத்தாள். வரும் வழியில் கணவர் காரை ஓட்டியபடி, "உயரம் காணாது, ஆனால் பரவாயில்லை" என்றார். பின் ஆசனத்தில் இருந்த மகள், "வாட் அப்பா?" என்றாள். "ஒண்டுமில்லை, லைட் சிவப்பு" என்றார். அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு நெடுநாள் நான் நினைத்து நினைத்துப் பார்த்த சிரிப்பு அது. மலேரியாவுக்கு என்ன மருந்து, காயத்தை எப்படித் தைப்பது என்று அவனிடம் அவள் விசாரித்திருக்கிறாள். அதை அவன் எங்களிடம் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு.

கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பது என்று முடிவெடுத்தேன். பின்னறையில் அவள் இருக்கும் நேரம் அவருக்குத்தான் தெரியும். அவருடைய தொலைபேசியையும் அவள் பாவிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவர் முன்வாசலில் இலைகளைக் கூட்டிக்கொண்டு நின்றார்.

"ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்" என்றேன்.

அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து நின்றார். கைகள் இரண்டும் பக்கத்தில். இராணுவத்தில் நிற்பதுபோல.

"கேளுங்கள்."

"என் மகளுக்கு ஒரு பையனோடு தொடர்பு இருக்கிறதா?"

அவர் என்னையே பார்த்தார். அந்தக் கண்களில் ஏதோ தளர்ந்தது. அன்று அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

"இல்லை. பையன் யாரும் இல்லை."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"நிச்சயமாக. அவள் யாரையும் காதலிக்கவில்லை."

நான் பெருமூச்சு விட்டேன். நெஞ்சில் கை வைத்துப் பிள்ளையாரே என்றேன். அவர் இன்னும் அப்படியே நின்றார்.

"வேறு ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "வேறு என்ன இருக்கிறது கேட்பதற்கு?"

அவர் திரும்பி விளக்குமாற்றை எடுத்தார்.

அன்று பின்னேரம் நான் உளுந்து ஊறப்போட்டு வடை சுட்டேன். கணவர் சமையலறைக்குள் வந்து ஒன்றை எடுத்து ஊதியபடி, "கேணல் சொன்னால் சரிதான். அந்த மனிசன் பொய் சொல்லாது" என்றார். சூடாகப் பத்து வடையைத் தட்டில் அடுக்கி, மேலே ஒரு தாளை மூடி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். மறுநாள் தட்டு வாசலில் இருந்தது. கழுவித் துடைத்திருந்தது. அதில் ஒன்றும் இல்லை. அப்பிள் முடிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகள் ஒரு பையோடு வெளிக்கிட்டாள். வால்தம்ஸ்டோவில் கூடப் படிக்கிறவள் வீட்டில் தங்கிப் பரீட்சைக்குப் படிக்கப் போகிறாள் என்றாள். முன்பும் போயிருக்கிறாள். பெடியன் இல்லை என்று தெரிந்த நிம்மதியில் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டிபன் பெட்டியில் புட்டும் சம்பலும் கட்டிக் கொடுத்தேன். வாசலில் திரும்பி வந்து என் கன்னத்தில் கொஞ்சினாள். "என்னடி புதுசா?" என்றேன். "சும்மா அம்மா" என்றாள்.

ஞாயிறு மத்தியானம் சமைத்துவிட்டு, சாப்பிட வருகிறாளா என்று கேட்க அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தப் பிள்ளையின் தாய் பேசினாள்.

"இஞ்ச வரேல்லையே தங்கச்சி. போன மாசம்தானே வந்தவ?"

கணவரின் முகம் கறுத்துப்போனது. "ஓடிட்டாள். ஆரோடயோ ஓடிட்டாள்."

"இல்லை! பெடியன் ஒருதரும் இல்லை. அவர் எனக்குச் சொன்னவர்" என்று நான் கத்தினேன். அந்த நேரத்திலும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். செருப்பும் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

கதவு பூட்டியிருக்கவில்லை. அவர் முன்னறையில் வாசலைப் பார்த்தபடி நேராக உட்கார்ந்திருந்தார். எனக்காகத்தான் காத்திருந்தார் என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது.

"என் பிள்ளை எங்கே?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "கொழும்பில். நேற்றே இறங்கிவிட்டாள். இப்போது வடக்கே போய்க்கொண்டிருப்பாள்."

எனக்கு விளங்கவில்லை. கொழும்பில் எங்களுக்கு யாரும் இல்லை என்று அவருக்குச் சொன்னேன். ஏதோ விலாசம் பிழை என்று திருத்துவதுபோல. அவர் எழுந்து நின்று, போராளி இயக்கத்தில் சேரப் போயிருக்கிறாள் என்று சொன்னார். கோடையிலிருந்தே தனக்குத் தெரியும் என்றார். சொல்வதற்கு முன் அவள் வாக்குக் கேட்டதாகவும் தான் கொடுத்ததாகவும் சொன்னார்.

"நீங்கள் தடுக்கவில்லையா?"

"தடுத்தேன். ஒவ்வொரு நாளும். போரைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டாள். அவள் நன்றாகக் கேட்பாள், உங்களுக்குத் தெரியும். ஆனால் மாறவில்லை."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே! நான் பாஸ்போர்ட்டை எரித்திருப்பேன். வாசலில் குறுக்கே படுத்திருப்பேன்!"

"தெரியும். அவளுக்கும் தெரியும். அதனால்தான் வாக்குக் கேட்டாள்." அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "அவள் குழந்தை இல்லை. உலகத்தில் ஒரே ஒருவரிடம் சொன்னாள். அவரும் காட்டிக்கொடுத்தால் எப்படியும் போயிருப்பாள். எங்கே போனாள் என்று சொல்லக்கூட ஆள் இருந்திருக்காது. நான் எல்லாப் பக்கமும் யோசித்தேன். நித்திரை இல்லாமல் யோசித்தேன்."

"பையன் இல்லை என்று சொன்னீர்கள்."

"பையன் இல்லை."

அவர் அதைச் சொன்ன விதத்தில்தான், மெதுவாக, ஒழுங்காக, உண்மையாகச் சொன்ன அந்த விதத்தில்தான், எனக்கு ஈரத் துணியோடு வேலியருகில் நின்று கேட்ட கதை நினைவுக்கு வந்தது.

"பசு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நான் பசுவைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் பசுவைப் பற்றிப் பதில் சொன்னீர்கள். நான் வடை சுட்டுக் கொண்டுவந்தேன்."

அவர் உட்கார்ந்தார். நாற்காலி பின்னால் நகர்ந்து, சரியப் பார்த்தார். நான் அவரைப் பிடிக்கவில்லை. வாசலுக்கு வந்துவிட்டேன்.

கணவர் பக்கத்து வீட்டுச் சாவியைக் கொண்டுபோய்க் கதவுத் துவாரத்தால் உள்ளே எறிந்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் சாவி எங்கள் கதவால் உள்ளே விழுந்தது. "ஆமிக்காரன்" என்றார் கணவர். "எந்த நாட்டில எண்டாலும் ஆமிக்காரன் ஆமிக்காரன்தான்." பிறகு மாடிப்படியில் இருந்து அழுதார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் வந்தார்கள். சிலர் இழவு வீட்டுக்கு வந்ததுபோல இருந்தார்கள். சிலர், "பெருமைப்படுங்கோ அக்கா" என்றார்கள். தங்கள் பிள்ளைகளைக் காரில் இருத்திவிட்டு உள்ளே வந்து அப்படிச் சொன்னார்கள். ஒழுங்குகளைச் செய்து கொடுத்தவன், ஒருகாலத்தில் என் முன்னறையில் படுத்து என் கையால் சாப்பிட்ட ஒரு தம்பி என்று பிறகு தெரிந்தது. அவனை நான் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன், அதோடு விட்டது. அவன் எனக்கு எதையும் சொல்லி வைத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வைத்திருந்தார். ஒரு கதவைத் தட்டியிருக்கலாம் என்று என்னிடம்தான், என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். தட்ட வேண்டிய கதவு அடுத்த கதவாக இருந்தது. தெருவில் இறங்கக்கூட வேண்டாம், தாழ்ந்த மதிலைத் தாண்டினால் போதும். கோடையிலிருந்து இலையுதிர்காலம் வரை அவர் அதைத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகும் அவர் இருமுவது கேட்டது. சுவரை மாற்றவா முடியும்? படுக்கையை மற்றச் சுவர்ப்பக்கம் நகர்த்தினோம். தேங்காயைத் தோட்டத்துப் படியில் கொண்டுபோய் உடைத்தேன். தெருவில் எதிரே வந்தால் அவர் தொப்பியைக் கழற்றுவார், நான் மற்றப் பக்கம் பார்ப்பேன். மகளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. யாரோ கண்டதாக யாரோ சொன்னதாக மட்டும் இரண்டுமுறை வந்தது. உயிரோடு இருக்கிறாள், ஆஸ்பத்திரி வேலை செய்கிறாள். அவ்வளவுதான்.

ஒரு வருடம் போய், அடுத்த மாரியும் வந்தது. எனக்குத் தடிமன், மூக்கடைப்பு. நான் வேலை செய்த கவுன்சில் அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு வீட்டில் நின்றேன். காலையிலிருந்து மழை. பின்னேரம் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பால் பின்னறையில் நாற்காலி இழுபட்டது.

அவர் அந்த நாற்காலியை ஒருநாளும் இழுத்ததில்லை, தூக்கித்தான் வைப்பார். நான் கத்தியை வைத்துவிட்டு நின்றேன். இருமல் கேட்டது. அவருடைய இருமல் இல்லை. பிறகு ஒரு குரல், மெலிதாக, ஆங்கிலத்தில், இன்னும் கொஞ்சம் சீனி இருக்கிறதா என்று கேட்டது. தேநீரில் அவ்வளவு சீனி போட்டுக் குடிக்கிற ஆள் எனக்கு ஒருத்தியைத்தான் தெரியும்.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. அவருடைய கதவை இரண்டு கையாலும் தட்டினேன். உடைந்துவிடும்போலத் தட்டினேன். தெருவில் போன ஒரு பெண் நின்று பார்த்தாள்.

அவர் கதவைத் திறந்தார். ஒரு காலில் சப்பாத்து. மற்றக் காலில் காலுறை மட்டும். மற்றச் சப்பாத்து கையில் இருந்தது.

"உங்களிடம் வரத்தான் வெளிக்கிட்டேன்" என்றார்.

"எப்போது வந்தாள்?"

"காலையில்." தலையைக் குனிந்தார். "இந்தமுறையும் வாக்குக் கேட்டாள். தரமுடியாது என்று சொன்னேன். கொஞ்சம் சாப்பிடு, படு, பிறகு நான் போய் அம்மாவிடம் சொல்வேன் என்று சொன்னேன். இப்போதுதான் வெளிக்கிட்டேன்."

நான் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவள் அந்தப் பழைய மேசையில் இருந்தாள், அவருடைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு. தலைமயிர் ஆண்பிள்ளையைப் போல வெட்டியிருந்தது. முகம் மஞ்சள் பாரித்து, கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. மலேரியா. திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. இவளால் பயனில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து நேரே வந்தவள், எங்கள் வாசலைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு மணியை அடித்திருக்கிறாள்.

"ஏனடி வீட்டுக்கு வரேல்லை?" என்று கேட்டுக் கட்டிப்பிடித்தேன். எலும்புதான் கையில் பட்டது.

"வரப் பயமா இருந்தது அம்மா." பிறகு என் தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, ப்ளீஸ். அங்கிளை ஏசாதீங்கோ. அவர் ஒருதர்தான் என்னை ஏமாத்தாத ஆள்."

பெற்றவளுக்கு அவள் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. நான் அவரை ஏசவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவருடைய கம்பளிச் சட்டையைத் தோய்த்து, மடித்து, கணவரிடம் கொடுத்து அனுப்பினேன்.

அவள் சுகமானாள். படிப்பை முடித்தாள், கல்யாணமும் செய்தாள். மாப்பிள்ளை எந்த ஊர் என்று கணவர் கேட்கவில்லை. அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை எங்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லியிருப்பாள். அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒவ்வொரு நாளும் போய் இருந்தவள் அவள்தான். நான் ஒருமுறை போனேன். அவர் நித்திரையாக இருந்தார். எழுப்பவில்லை.

இப்போது என் மகளுக்கு ஒரு மகள் இருக்கிறாள். பேத்தி வெளியே போய்த் திரும்பப் பத்து நிமிடம் பிந்தினால் நான் வாசலில் போய் நிற்கிறேன். யாரிடமாவது ஏதாவது கேட்டால், கேட்ட கேள்விக்கு அடியில் கேட்காத கேள்வி எது என்று தேடுகிறேன். ஒருவர் எனக்கு நல்ல பதில் சொல்லிவிட்டால் அன்று எனக்கு நித்திரை இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சப்பாத்தைப் பற்றி. அவர் கையில் இருந்த சப்பாத்து ஈரமாக இருந்தது. மேசையில் புதுப் பாண் ரொட்டி இருந்தது. மழைக்குள் கடைக்குப் போய்வந்திருக்கிறார். வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடு இருக்கிற மனிதர், நனைந்தால் கழற்றத்தானே வேண்டும்? அப்படியானால், நான் தட்டியபோது அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தாரா, கழற்றிக்கொண்டிருந்தாரா?

மகளிடம் ஒருமுறை கேட்டேன்.

"எனக்குத் தெரியாதம்மா" என்றாள். "நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான். அங்கிள் வாறன் எண்டு சொன்னால் வாறவர்தான்."

அவள் அப்படி நம்புகிறாள். இருக்கலாம். உண்மையாகவே எங்கள் கதவைத் தட்டத்தான் அவர் வெளிக்கிட்டிருக்கலாம். இன்னும் இரண்டு நிமிடம் நான் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும்.